மூணாம் நாள் பாயசம்

இல்ல சார், அது மைதா இல்ல. கோதுமையும் இல்ல. உங்க பை மூலையில ஓட்டை, கேட்டுலேர்ந்து இந்த பெஞ்சு வரைக்கும் கோலம் போட்டுக்கிட்டே வந்துருக்கீங்க. உளுந்து மாவு. மோந்தே சொல்லிருவேன், இருபத்தாறு வருஷம் தோசைக்கல்லு முன்னாடி நின்ன மூக்கு இது. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டு வருவாங்க, ஆர்லிக்ஸ் வாங்கிட்டு வருவாங்க. வடை மாவு கொண்டாந்த ஆளு நீங்க ஒருத்தருதான்.

உக்காருங்க, உக்காருங்க. லிஃப்டுக்கு நின்னு பிரயோஜனம் இல்ல. நாலு மணி அடிக்கிற வரைக்கும் அந்த லிஃப்டுக்காரத் தாதா, தாதான்னா இங்க அண்ணன்னு அர்த்தம், டாக்டரையும் பொணத்தையும் தவிர யாரையும் ஏத்த மாட்டான். நீங்க ரெண்டும் இல்ல. படியில ஏறலாம்னு பாத்தா அங்க ஒருத்தன் லத்தியோட நிக்கிறான். இன்னும் அரை மணி இருக்கு. இந்தாங்க, இந்தப் பக்கம் ஃபேன் காத்து கொஞ்சம் வரும்.

தமிழ்னு எப்படித் தெரிஞ்சுதா. ஃபோன்ல மச்சான்கிட்ட பேசுனீங்களே. ஒட்டுக் கேக்கல சார், நீங்க பேசுனது மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு. முட்டை அங்கயே வாங்கிக்கவா இல்ல நான் கொண்டாரவான்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே எந்திரிச்சுட்டேன். அதான் வந்து ஒட்டிக்கிட்டேன்.

உங்க வீட்டுக்காரம்மா மகேஸ்வரிதான? கால் வரிசையில பதினாலாம் கட்டில். தெரியும், தெரியும். நான் இந்த வார்டுக்கு ஒரு மாசமா வந்து போற ஆளு. ஜன்னல் பக்கம் கை வரிசை, கதவுப் பக்கம் கால் வரிசை, நான்தான் பேரு வச்சேன், இப்ப நர்சுங்களே அப்படித்தான் சொல்றாங்க. எல்லாம் போன மாசம் வந்த பூகம்பத்துல மலையிலேர்ந்து இறங்குனவங்க. உங்க வீட்டம்மாவுக்குப் போன வாரம் மறுபடி ஆடுனப்ப ஹோட்டல் மாடிப்படி இடிஞ்சு, முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு. கட்டில் கட்டிலா சொல்லுவேன். பாதி ஆளுங்க பேரு தெரியாது, எலும்பு தெரியும். இங்க நமக்கும் பேரு கிடையாது பாத்தீங்களா? நீங்க பேங்குல பெரிய ஆபீசரா இருக்கலாம், இங்க வந்தா பாடிர் லோக். வீட்டு ஆளு. மகேஸ்வரிர் பாடிர் லோக்னு கத்துனா பையைத் தூக்கிட்டு ஓடணும், அவ்வளவுதான் நம்ம உத்தியோகம்.

நானா? நமக்கும் ஒரு ஆளு கை வரிசையில இருக்கு. அதை விடுங்க.

அந்த ரோஸ் பேப்பரை மடிக்காதீங்க சார். நான் பாத்துட்டேன். எனக்குப் படிக்க வராது, நாலாங்கிளாசோட சரி, ஆனா அந்தக் கலரு தெரியும். என் சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன், என்ன ஆனாலும் உங்களைக் கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறது. இன்னைக்கு ஹவுராவுல மெயிலு. ஊருல உங்க மச்சான் கட்டுக்காரரைப் பேசி வச்சுட்டாரு. ஆனா வண்டியில கால் ஆடுமே, எலும்பு நகருமே, அதனால இங்கயே உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் கொழைச்சு, துணியில தடவி, நாலு மூங்கில் பத்தை வச்சு இறுக்கி ஒரு கட்டு. போயி இறங்குனதும் அவரு பிரிச்சு வேற கட்டுவாரு. சரிதான?

பாத்தீங்களா. ஜோசியமெல்லாம் இல்ல. இதே கட்டை இதே மாவுல கட்டுன ஒருத்தனை எனக்குத் தெரியும். அதான் முட்டைன்னதும் ஓடி வந்தேன்.

கோவம் வர்றது நியாயம். ஆறு நாளாக் காலைத் தொங்கப் போட்டுட்டு ஒண்ணும் பண்ணாம இருக்காங்கன்னுதான கோவம்? கேட்டா வீக்கம் வடியட்டும்ங்கிறாங்க. எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு, என்னடா இவனுங்க காலைக் கட்டித் தொங்கவிட்டுட்டு டீ குடிக்கப் போயிடுறானுங்கன்னு. சும்மா இருக்கறதும் ஒரு வைத்தியம்னு எனக்கு யாரு சொன்னா. சரி, அரை மணிக்கு நான் அவன் கதையைச் சொல்றேன். கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க. பேனா வேணா நானே தரேன்.

பேரு வீரபாண்டியன். டாலிகஞ்சுல மெட்ரோவுக்குப் பின்னாடி ஒரு டிபன் கடையில மாஸ்டரு. நானும் அவனும் ஒரே கல்லுல நின்னவங்கன்னு வச்சுக்கோங்க. வாய்க்காரன் சார். தோசையைத் திருப்புற நேரத்துல நாலு பேரைக் கிண்டல் பண்ணிருவான். பெங்காலிக்காரங்க சாம்பாரைக் கிண்ணத்தோட தூக்கிக் குடிச்சா, தாதா இது கங்கா ஜலம் இல்ல, மெதுவான்னுவான். அவனுங்களும் சிரிப்பானுங்க. பொண்டாட்டி சுந்தரி போயி எட்டு வருஷம். ஒரே பொண்ணு, சங்கரி, பத்தொம்பது வயசு. தமிழை விட பெங்காலிதான் அதுக்கு நல்லா வரும், அப்பனைத் திட்டுறது மட்டும் தமிழ்ல. அப்புறம் கேரம். அந்தத் தெரு கிளப்புல, பாடா கிளப்புன்னுவாங்க இங்க, பசங்க எல்லாம் அதுகிட்ட தோத்துருக்கானுங்க. துர்கா பூஜா சமயத்துல பந்தலுக்குப் பக்கத்துல மேட்ச் வைப்பாங்க, மூணு வருஷமா கப்பு இவ வீட்டுலதான். வலது கை ஆள்காட்டி விரலு. இப்படிச் சுண்டுவா. நகத்துல பவுடரு ஒட்டிக்கிட்டு, எப்பவும் வெள்ளையாத்தான் இருக்கும்.

இந்த ஊருல ஒரு வழக்கம் இருக்குல்ல, டூர் போனா சமையக்காரனையும் பஸ்சுல ஏத்திக்கிட்டுப் போறது? நம்ம ஆளுங்க மட்டும் விடுவாங்களா. இங்க ஏரிப் பக்கத்துல குடியிருக்கிற தமிழ்க் குடும்பம், ஒரு நாப்பது பேரு, மலைக்குப் போறோம், காலையில இட்லி இல்லாம இமயமலையைப் பாக்க முடியாதுன்னு வீரபாண்டியைக் கூப்பிட்டாங்க. அவன் பொண்ணையும் கூட்டிட்டுப் போனான். காய் நறுக்க ஆளு ஆச்சு, அதுக்கும் பனி பாத்த மாதிரி ஆச்சு. அந்த ஊரு பேரு அவன் வாயில நுழையல. கடைசி வரைக்கும் ஊட்டின்னேதான் சொல்லிக்கிட்டிருந்தான்.

ரெண்டாம் நாள் காலையில, உங்களுக்குத்தான் தெரியுமே அந்தச் சத்தம். லாரி வருதுன்னு நினைச்சானாம். பாத்திரமெல்லாம் தானா நடக்குது. இவன் அடுப்பை அணைக்கிறான், கேஸ் வெடிச்சிரும்னு. பொண்ணு உள்ள அரிசி எடுக்கப் போயிருந்துச்சு. மூட்டை அடுக்குன இரும்பு ராக்கு அப்படியே சாஞ்சு, கையை முகத்துக்கு நேரா வச்சுத் தடுத்துருக்கு. முகம் தப்பிச்சிருச்சு. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல டக்குன்னு வளைஞ்சு போச்சு.

இல்ல, தோலு கிழியல. ரத்தம் கிடையாது. அதான் சார் விஷயமே. ரத்தம் வந்துருந்தா பயந்து எவன்கிட்டயாவது ஓடிருப்பான்.

பள்ளிக்கூட மைதானத்துல எல்லாரையும் உக்கார வச்சாங்க. ரோடு ரெண்டு பக்கமும் மூடிருச்சு. டாக்டர் கிடையாது. பொண்ணு வலியில துடிக்குது, கை பன்னு மாதிரி உப்பிக்கிட்டே வருது. இவன் என்ன செய்வான்? சின்னப் பையனா இருக்கறப்ப வேப்ப மரத்துலேர்ந்து விழுந்து இவனுக்கு இதே கை ஒடிஞ்சுது. ஊருல உளுந்து மாவும் முட்டையும் வச்சுக் கட்டுனாங்க, ஒரு மாசத்துல பிரிச்சாங்க, அந்தக் கையாலதான் இருபத்தாறு வருஷம் மாவு ஆட்டுனான். அவன் பொய்யை நம்பல சார். தன் கையை நம்பினான். வடைக்குன்னு மாவு கொண்டு போயிருந்தான். டூர் ஆளுங்களுக்கு ஆம்லெட் போட முட்டை இருந்துச்சு. கட்டியிருந்த வேட்டியைக் கிழிச்சான். தக்காளிப் பெட்டிப் பலகையை உடைச்சுப் பத்தை பண்ணான். இழுத்து, நேராக்கி, பொண்ணு கத்துறதைப் பாக்காம, இறுக்கி, சுத்திச் சுத்தி.

நாப்பது பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. பட்டாபிராமன்னு ஒரு ரிட்டயர்டு சாரு, பென்சன்காரரு, வீரபாண்டி, நீ சமையக்காரன் இல்லய்யா, சர்ஜன்யான்னு சொன்னாரு. இவனுக்கு அன்னைக்கு அந்த இடிபாட்டுக்கு நடுவுல தலை கிறுகிறுன்னு போச்சு. படிக்காதவனை நாலு படிச்சவங்க பாராட்டுனா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது சார், நீங்க படிச்சவரு.

அங்க ஒரு நர்சுப் பொண்ணு, அந்த மலை ஊருக்காரிதான், தானும் தலையில கட்டோட ஆளுக்கு ஆளு பாத்துக்கிட்டு வந்துச்சு. இதைப் பாத்துட்டு ஹிந்தியில சொல்லிச்சு, வீங்குற கையில சுத்தி இறுக்கக் கூடாது, அவுத்துட்டு ஒரு பக்கம் மட்டும் பலகை வச்சு, லூசா துணியில தொங்க விடு, விரலைப் பாத்துக்கிட்டே இருன்னு. எவ்வளவு தெளிவாச் சொல்லிருக்கு பாருங்க. இவன் என்ன சொன்னான் தெரியுமா? சிஸ்டர், எங்க ஊருல ஜட்டி நாடாவைத் தவிர எதையும் லூசாக் கட்ட மாட்டோம்னான். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அந்தப் பொண்ணும் பாவம் சிரிச்சுட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிருச்சு. அதுக்கு இருநூறு பேரு காத்துக்கிட்டிருந்தாங்க.

ஒரு ஜோக்கு சார். அந்த ஒரு ஜோக்கு இல்லாட்டி அந்த நர்சே அவுத்துருக்கும்.

முதல் நாள் பூரா பொண்ணு அப்பா இறுக்குது, அப்பா இறுக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இறுக்குனாத்தாண்டி எலும்பு கூடும்னான். மாவு காயக் காயக் கல்லா ஆயிருச்சு. உள்ள கை வீங்குது, வெளிய கட்டு விடல. இப்ப எனக்குத் தெரியுது, இந்த வார்டுல எல்லா டாக்டரும் சொல்லிச் சொல்லி. உள்ள ரத்தம் ஓட எடமில்ல. ரெண்டாம் நாள் சொல்லுச்சு, அப்பா, இந்த விரலு என்னோடது இல்லாத மாதிரி இருக்குன்னு. நகம் நீலமா இருந்துச்சு. அந்தக் குளிருல எல்லாருக்கும்தான் நகம் நீலமா இருந்துச்சு. இவன் என்ன பண்ணான், அடுப்புக் கரியை எடுத்து அந்தக் கட்டு மேல கண்ணு, மூக்கு, மீசை வரைஞ்சு பட்டாபிராமன் சாருன்னு பேரு வச்சு, அவரு குரல்லயே பேசிக் காட்டுனான். என்னய்யா வீரபாண்டி, சட்னியில உப்பு கம்மின்னு. பொண்ணு சிரிச்சுச்சு. கண்ணுல தண்ணி வழிய வழிய சிரிச்சுச்சு. சிரிக்கிற புள்ளைக்கு வலி எப்படி இருக்கும்னு நினைச்சான். அவனுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான்.

மூணாம் நாள் காலையில வலி நின்னுருச்சு.

ஆமா சார். சுத்தமா. அப்பா, வலிக்கவே இல்லப்பான்னு சொல்லுச்சு. இவனுக்கு வந்த சந்தோஷம் இருக்கே. மைதானம் பூரா ஓடி ஓடிச் சொன்னான். டூருக்குக் கொண்டு வந்த சேமியா இருந்துச்சு, பால் டின்னு ரெண்டு இருந்துச்சு. பாயசம் வச்சான். அந்த மைதானத்துல, வீடு போனவன், ஆளு போனவன் எல்லாருக்கும் காகிதக் கப்புல ஊத்திக் குடுத்தான், எம் பொண்ணுக்கு வலி நின்னுருச்சுன்னு. அவங்களும் வாங்கிக் குடிச்சாங்க. பொண்ணு இடது கையால குடிச்சுச்சு. வலி எதனால நின்னுச்சுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. அன்னைக்கு அந்தக் கைக்குக் கருமாதிப் பாயசம் வச்சிருக்கான் சார் அவன்.

என்ன சார், தண்ணி வேணுமா? இந்தாங்க. பாட்டில் என்னுதுதான், குடிங்க.

அதுக்கு மேல பெருசா ஒண்ணுமில்ல. நாலாம் நாள் மிலிட்டரி லாரியில சிலிகுரிக்கு இறக்கி விட்டாங்க. அங்க ஆஸ்பத்திரி வாசல்ல கால் வைக்க எடமில்ல. சீட்டு எழுதுறவன் கேட்டான், இந்தப் பொண்ணுக்கு என்னன்னு. வீரபாண்டி சொன்னான், இவளுக்குக் கட்டுப் போட்டாச்சு தாதா, ரத்தம் ஒழுகுறவங்களை முதல்ல பாருங்கன்னு. பெரிய மனசு. வந்த எடத்தை வேற ஒருத்தருக்கு விட்டுக் குடுத்துட்டு, அங்க கீழயே நின்ன டூர் பஸ்சுல கல்கத்தாவுக்கு ஏறிட்டான். வழியில காய்ச்சல் வந்துருச்சு. பஸ்சுல நாத்தம். யாரு சார் முட்டை வாங்கி வச்சுக் கெட்டுப் போச்சுன்னு இவன் எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கிட்டே வந்தான். முட்டைதான், வேற என்ன.

இங்க கொண்டாந்தப்ப அந்தக் கட்டைக் கத்தியால வெட்ட முடியல. பிளாஸ்டர் அறுக்கிற மிசினு கொண்டாந்தாங்க. ரஞ்சனா டாக்டரு தெரியும்ல, சின்ன வயசு, கண்ணாடி போட்டவங்க, உங்க வீட்டம்மாவையும் அவங்கதான் பாக்கறாங்க. தொறந்ததும் அந்தம்மா கிட்டக் குனிஞ்சாங்க. விரலைத் தொட்டுப் பாத்தாங்க. ஊசியால குத்திப் பாத்தாங்க. அப்புறம் நிமிந்து, இதை யாரு கட்டுனதுன்னு கேட்டாங்க.

வீரபாண்டி சொன்னான், மலையில யாரோ ஒரு கெழவன், பேரு தெரியாதுன்னு.

ஆமா. எல்லாத்தையும் வாய் விட்டுச் சொல்றவன், சொல்ல வேண்டியதைச் சொல்லல. அந்தக் கெழவன்னு ஒரு ஆளே கிடையாது. டாக்டரம்மா அந்தக் கெழவனைத் திட்டித் தீத்துட்டாங்க. இவனும் சேந்து திட்டுனான் சார். கூட ரெண்டு கெட்ட வார்த்தை போட்டுத் திட்டுனான். முழங்கைக்குக் கீழ நாலு விரக்கடை விட்டு கையை எடுத்தாங்க. இந்தப் பேப்பரு மாதிரியே ஒண்ணு, அது வெள்ளை, அதுல இவன்தான் கையெழுத்துப் போட்டான்.

பொண்ணா? ஆபரேசன் முடிஞ்சு மூணு நாளு கழிச்சு டாக்டரம்மா அதுகிட்டயும் கேட்டாங்க, ஃபைல்ல எழுதணுமாம். அந்தக் கெழவன் எப்படி இருப்பான், எந்த எடம்னு. இவன் பக்கத்துல தம்ளரைக் கழுவிக்கிட்டு நிக்கிறான். பொண்ணு இவனைப் பாக்கவே இல்ல. மேல ஃபேனைப் பாத்துக்கிட்டே பெங்காலியில சொல்லுச்சு, நல்லா நரைச்ச தாடி, ஒரு கண்ணு மட்டும் கொஞ்சம் மாறுகண்ணு, ஆனா ரொம்ப நல்லவரு, எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் செஞ்சாருன்னு.

அப்படித்தான் சார் எழுதியிருக்கு ஃபைல்ல. தாடி வச்ச கெழவன்னு.

இருங்க, மணி என்ன? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.

வீக்கம் வடியற வரைக்கும் இருங்க சார். தொங்கட்டும். ரஞ்சனா டாக்டரு டெய்லி வந்து கால் விரலை அமுக்கிப் பாக்கறாங்களா? அமுக்குனா வெளுத்து, விட்டா செவக்குதா? அதுதான் வைத்தியம். அந்த ஆறு நாளு ஒண்ணும் பண்ணாம இருக்கல அவங்க, அதைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நைட்டு வீட்டம்மா வலிக்குதுன்னு கத்துனா நர்சைக் கூப்பிடுங்க. கத்துறதைக் கேட்டு சந்தோஷப்படுங்க. வலிக்கட்டும் சார். கத்தாம இருந்தா அப்ப என்னைக் கூப்பிடுங்க, நானே டாக்டரைத் தூக்கிட்டு வரேன்.

மச்சானுக்கு என்ன பதில் சொல்றதா? டிக்கெட் கன்பர்ம் ஆகலன்னு சொல்லுங்க. பேங்க் ஆபீசருக்கு இது கூடவா நான் சொல்லித் தரணும்.

அந்த வீரபாண்டியா, இப்பவா? இருக்கான். கடைக்குப் போறான். பூரி போடுறான், லெமன் ரைஸ் கிண்டுறான். இட்லி மாவு, வடை மாவுன்னா பக்கத்துல போறதில்ல. உளுந்து ஊற வச்ச வாடை வந்தா வெளிய போயி ரோட்டுல நின்னுக்கிறான். முதலாளி சாய்ராம் நல்ல மனுஷன், ஒண்ணும் கேக்கறதில்ல. பொண்ணுகிட்ட இன்னும் ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசல. அதுவும் கேக்கல. நேத்து சோறு ஊட்டப் போனா வேணாங்குது, இடது கையால சாப்பிடுது, பாதி நைட்டி மேல. சாப்புட்டுக்கிட்டே சொல்லுது, அப்பா, இடது கையில ஸ்ட்ரைக்கர் இன்னும் நேராப் போகுதுப்பா, இத்தனை வருஷம் தப்பான கையில ஆடி வேஸ்ட் பண்ணிட்டேன்னு. ஒரு மாசமா படுக்கையை விட்டு எந்திரிக்கல. எந்த போர்டுல ஆடுனா? பொய்யி. என்னை மாதிரியே கண்ணைச் சிமிட்டாம சொல்றா. வளர்த்தது நான்தான, வேற எப்படி இருப்பா.

கத்துறாங்க பாருங்க. இல்ல சார், உங்களை இல்ல. சங்கரிர் பாடிர் லோக். சங்கரி வீட்டு ஆளு.

என்னைத்தான். இன்னைக்கு செயற்கைக் கைக்கு அளவு எடுக்க வர்றாங்க, முதல்லேர்ந்து எப்படி ஆச்சுன்னு மறுபடி கேப்பாங்களாம். சொல்லணும் சார். தாடி இல்லன்னு சொல்லணும். உங்ககிட்ட சொல்லிப் பாத்தேன், வாயில வருதான்னு. வருது, ஆனா வேற ஆளு மாதிரி வருது.

அந்த மாவுப் பை பெஞ்சுலயே இருக்கு பாருங்க. ஐயய்யோ, என்கிட்ட நீட்டாதீங்க. நீங்களே கொண்டு போயி அந்த மூலையில குப்பைத் தொட்டி இருக்கு, அதுல போட்டுருங்க. நான் அதைத் தொடுறதில்ல.